செக்கு நல்லெண்ணெய்க்கு வாட்ஸ்அப் விளம்பரம்: எல்லோரும் படிக்கிறார்கள், யாரும் வாங்குவதில்லை

செக்கடி_சிவகிரி | ஞாயிறு, இரவு 9.10

வணக்கமுங்க. ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் எங்களுக்கு மரச்செக்கு இருக்கிறது. உள்ளூர் வியாபாரம் அப்பா பார்த்துக்கொள்கிறார், குறையில்லை. வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவது என் பொறுப்பு, அதுதான் நொண்டுகிறது. வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் 180 பேர் இருக்கிறார்கள். அனுப்பினால் முக்கால்வாசிப் பேருக்கு நீல டிக் விழுகிறது. ஆர்டர் என்று பார்த்தால் ஒன்றோ இரண்டோ, அதுவும் சித்தப்பா வீடு. போன வாரம் அனுப்பியது இது. எங்கே தப்பு என்று சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

> *பாரம்பரியம் மாறாத சுவை! பரிசுத்தமான தரம்!*
> நம் முன்னோர்கள் நமக்களித்த அருட்கொடையாம் மரச்செக்கு எண்ணெய் வகைகள் இப்போது உங்கள் இல்லம் தேடி! சுத்தமான, சுகாதாரமான, இரசாயனக் கலப்பற்ற நல்லெண்ணெய், கடலெண்ணெய், தேங்காய் எண்ணெய். கொலஸ்ட்ராலைக் குறைத்து இதயத்தைக் காக்கும்! இன்றே வாங்கிப் பயன்பெறுவீர்! ஸ்டாக் உள்ளவரை மட்டுமே!

டீக்கடை_பெஞ்ச் | ஞாயிறு, இரவு 9.32

திட்டலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதில் எண்ணெய் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஊறுகாய் என்று போடுங்கள், பொருந்தும். தேன் என்று போட்டாலும் பொருந்தும். பல்பொடிக்கும் பொருந்தும். கடைசி இரண்டு வரியை வைத்து வீட்டு மனையே விற்கலாம். உங்கள் செக்கு இதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

பழைய_ஏஜென்சி | ஞாயிறு, இரவு 10.05

பெஞ்ச் சொன்னதுதான், நான் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன். சென்னையில் ஒரு விளம்பர ஏஜென்சியில் பதினாறு வருடம் வாசகம் எழுதிச் சம்பளம் வாங்கினவள் நான். "சுத்தமான, சுகாதாரமான" என்று நானும் எழுதியிருக்கிறேன். கிளையண்ட்டுக்கு ரொம்பப் பிடிக்கும், வாங்குகிறவர் கண் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். எல்லோரும் சொல்கிற சொல் யார் காதிலும் விழாது தம்பி.

வாசகத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் இரண்டு வேலை. போனமாதம் விசாரித்தவர்கள் என்ன கேட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் பின்னால் போய்ப் பார்த்து, அவர்கள் எழுதினபடியே இங்கே போடுங்கள். திருத்த வேண்டாம். அடுத்து, எள் வாங்குவதிலிருந்து பாட்டில் மூடுவது வரை என்ன செய்கிறீர்கள் என்று, விளம்பரம் என்கிற நினைப்பே இல்லாமல் எழுதுங்கள். மூன்று எண்ணெய் வேண்டாம், நல்லெண்ணெய் ஒன்று போதும்.

செக்கடி_சிவகிரி | திங்கள், காலை 6.45

சரிங்க அக்கா. தேடிப் பார்த்தேன். வந்த கேள்விகள்:

"லிட்டர் 480 ஆ? கடைல 340 க்கு இருக்கே"
"அடில கசடா இருக்கு கெட்டுப்போச்சா"
"கருப்பட்டி போடுவீங்களா வெல்லமா"
"பாட்டில் ஒழுகாம வருமா, போன தடவை வேற ஒருத்தர்கிட்ட வாங்கி புடவை பூரா எண்ணெய்"
"எத்தன மாசம் வச்சுக்கலாம்"
"அரை லிட்டர் கிடையாதா"

கொலஸ்ட்ராலைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போதுதான் எனக்கே உறைக்கிறது.

நாங்கள் செய்வது: எள் சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் எடுப்போம். அப்பா மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். மேலே இருப்பதை நம்ப மாட்டார். உள்ளங்கையில் தேய்த்து ஊதி, ஒரு சிட்டிகை வாயில் போட்டு மெல்லுவார். கசந்தால் அந்த லாட்டை விட்டுவிடுவார். வீட்டுக்கு வந்ததும் சலித்து, கல்லும் தூசியும் எடுத்து, களத்தில் ஒரு நாள் காயவைப்போம். செக்கில் ஒரு தடவைக்கு 12 கிலோ. கொஞ்சம் அரைபட்டதும் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தண்ணீர் தெளித்துவிடுவோம். கருப்பட்டி போட்டால்தான் பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரியும், கசப்பும் தெரியாது. எண்ணெயைப் பித்தளை அண்டாவில் எடுத்து, வெள்ளைத் துணி கட்டி மூன்று நாள் வெயிலில் வைத்தால் மண்டி அடியில் தங்கிவிடும். தெளிந்ததை மட்டும் மேலாக மொண்டு பாட்டிலில் ஊற்றுவோம். ஃபில்டர் மிஷின் கிடையாது. அதனால்தான் பாட்டில் அடியில் கொஞ்சம் கசடு வரும். ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ எள் ஆகிறது.

பழைய_ஏஜென்சி | திங்கள், காலை 8.20

தம்பி, இதை வைத்துக்கொண்டா "முன்னோர்கள் அளித்த அருட்கொடை" என்று எழுதினீர்கள்?

உங்கள் அப்பா எள்ளை மென்று பார்ப்பதைப் படிக்கும்போது என் நாக்கில் கசப்பு தட்டியது. "தரமான எள்" என்று நீங்கள் நூறு தடவை எழுதினாலும் தட்டியிருக்காது.

ஒரு பழைய கதை. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளாட் ஹாப்கின்ஸ் என்ற விளம்பரக்காரர் ஷ்லிட்ஸ் என்கிற பீர் கம்பெனிக்கு எழுதப் போனார். அன்றைக்கு எல்லாக் கம்பெனியும் "சுத்தமான பீர்" என்றுதான் விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹாப்கின்ஸ் ஆலைக்குள் போய்ப் பார்த்தார். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வடிகட்டிய காற்று இருக்கும் கண்ணாடி அறை, நீராவியில் கழுவும் பாட்டில்கள். இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எல்லா ஆலையிலும் இப்படித்தானே செய்கிறார்கள் என்றார்களாம். செய்யட்டும், யாரும் வெளியே சொல்லவில்லையே என்று அதையே விளம்பரமாக எழுதினார். விற்பனையில் பின்னால் கிடந்த பீர் முன்னுக்கு வந்தது.

வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வைப்பது உங்களுக்குத் தினப்படி வேலை. கோயம்புத்தூரில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறவளுக்கு அது புதுச் செய்தி.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 11.15

வந்த கேள்விகளில் முதல் கேள்வியே விலை. வாசகத்தில் விலையே இல்லை. "இன்பாக்ஸில் கேட்கவும்" என்று போடுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். விலையை மறைத்தால் அதிக விலை என்று நீங்களே ஒப்புக்கொள்கிற மாதிரி.

கணக்கைத் திறந்து காட்டுங்கள். எள் என்ன விலைக்கு எடுத்தீர்கள்?

செக்கடி_சிவகிரி | திங்கள், மதியம் 1.40

கடைசியாக எடுத்தது கிலோ 140. இரண்டரைக் கிலோ என்றால் 350. கருப்பட்டி ஒரு 50. பாட்டில், லேபிள் 15. கரண்ட், கூலி 50 வரும். மொத்தம் 465. விற்பது 480.

கணக்குப்பிள்ளை | திங்கள், மதியம் 2.05

பிண்ணாக்கை யார் தின்கிறார்கள்?

செக்கடி_சிவகிரி | திங்கள், மதியம் 2.20

மாட்டுக்காரர்கள் வாங்கிப் போவார்கள். லிட்டருக்கு 55 ரூபாய் அதில் திரும்ப வரும். மறந்துவிட்டேனுங்க.

கணக்குப்பிள்ளை | திங்கள், மதியம் 2.31

மறக்கக் கூடாது. 15 ரூபாய் லாபம் என்று எழுதியிருந்தால் படிக்கிற ஒரு ஆள் நம்பியிருக்க மாட்டான். செக்கு பற்றித் தெரிந்தவன் இருந்தால் பிண்ணாக்கைக் கேட்டு குரூப்பில் மானத்தை வாங்கியிருப்பான். கணக்கைக் காட்டினால் முழுதாகக் காட்டு, இல்லையென்றால் எள் செலவோடு நிறுத்திக்கொள். "இரண்டரைக் கிலோ எள், கிலோ 140" என்ற ஒரு வரியே போதும். மீதியை அவர்களே போட்டுக்கொள்வார்கள்.

ரீல்ஸ்_ராஜா | திங்கள், மாலை 5.50

எல்லாரும் சேர்ந்து அவரைப் பாடம் எடுக்க வைக்கப் போகிறீர்கள். இவ்வளவு யார் படிப்பார்கள்? மக்கள் உணர்ச்சியில்தான் வாங்குகிறார்கள். பாட்டி கை மணம், தீபாவளி எண்ணெய்க் குளியல், தலையில் சூடாக வைத்துத் தேய்த்த அந்தக் கை. அதை எழுதுங்க ப்ரோ. கூடவே "இன்னும் 12 பாட்டில் மட்டுமே", "இன்று நள்ளிரவு வரை". அவசரம் காட்டாவிட்டால் யாரும் நகர மாட்டார்கள். இது என் பிழைப்பு, சொல்கிறேன்.

மதுரைக்காரி | திங்கள், இரவு 7.15

ராஜா தம்பி, நான் வாங்குகிறவள். எனக்குச் சொந்தப் பாட்டி உண்டு, கடன் பாட்டி வேண்டாம். இன்ஸ்டாகிராமில் பத்து எண்ணெய்க் கடை பார்க்கிறேன், பத்திலும் அதே சுருக்கம் விழுந்த கை, அதே குத்துவிளக்கு. போன வருடம் அப்படி ஒரு பாட்டியை நம்பி இரண்டு லிட்டர் வாங்கினேன். மூடியைத் திறந்ததும் காறல் வாடை. மெசேஜ் போட்டேன், "செக்கு எண்ணெய் அப்படித்தான் இருக்கும் மேடம்" என்று பதில். அத்தோடு சரி, விளக்குக்கு ஊற்றித் தீர்த்தேன். "கடைசி 12 பாட்டில்" என்று போட்ட அதே ஆள் மறுவாரமும் "கடைசி 12 பாட்டில்" என்றுதான் போட்டிருந்தார்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்றே மூன்று. எப்போது ஆட்டியது, கெட்டிருந்தால் காசு வருமா, பார்சல் ஒழுகுமா.

பழைய_ஏஜென்சி | திங்கள், இரவு 8.40

ராஜா சொல்வதை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். உணர்ச்சி வேண்டும்தான். பாட்டி என்று எழுதினால் வந்துவிடாது, அவ்வளவுதான். இட்லிப்பொடி நடுவில் குழி பண்ணி எண்ணெய் ஊற்றும்போது ஒரு மணம் வருமே, அதை ஒரு வரி எழுதினால் படிக்கிறவருக்கு அவரவர் வீடு ஞாபகம் வரும். யார் ஞாபகத்துக்கு வர வேண்டும் என்று நாம் சொல்லக் கூடாது.

அவசரமும் அப்படித்தான். உண்மையாக இருந்தால் சொல்லலாம். சிவகிரித் தம்பி, வாரத்துக்கு எத்தனை லிட்டர் வரும்?

செக்கடி_சிவகிரி | திங்கள், இரவு 9.00

நல்லெண்ணெய் செவ்வாய், வியாழன் இரண்டு நாள்தான். ஒரு நாளில் நாலு தடவை ஆட்டினால் 48 கிலோ எள். இரண்டு நாளும் சேர்த்து 38 லிட்டர். ஊருக்குள் போனது போகக் கூரியருக்கு 20 நிற்கும்.

பழைய_ஏஜென்சி | திங்கள், இரவு 9.08

"வாரம் 20 லிட்டர்தான் வெளியூருக்கு". அவசரம் இதற்குள்ளேயே இருக்கிறது, நள்ளிரவுக் கெடு எதுவும் வைக்க வேண்டாம். 20 தீர்ந்துவிட்டால் தீர்ந்துவிட்டது என்று அடுத்த செய்தியில் சொல்லிவிடுங்கள். அதற்கடுத்த வாரம் நம்புவார்கள்.

கோர்ட்டுக்கிளி | செவ்வாய், காலை 9.30

அந்தக் கொலஸ்ட்ரால் வரியை உடனே தூக்குங்கள். தாவர எண்ணெயில் இயல்பாகவே கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இருப்பதே இல்லை, நீங்கள் எதைக் குறைத்தீர்கள் என்று பெருமைப்படுகிறீர்கள்? சமையல் எண்ணெய் விளம்பரத்தில் கொலஸ்ட்ராலை எதிர்க்கும், இதயத்துக்கு இதம் என்கிற மாதிரிச் சொற்களை உணவுப் பாதுகாப்பு விதிகளே பெயர் சொல்லித் தடுத்திருக்கின்றன. 2018இல் உணவு விளம்பரங்களுக்கு வந்த விதிகளில் "தூய", "பாரம்பரிய", "இயற்கை" என்று போடுவதற்கும் நிபந்தனை உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 படி தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. வாட்ஸ்அப்தானே என்று நினைக்க வேண்டாம், விளம்பரம் எதில் வந்தாலும் விளம்பரம்தான். லேபிளில் உணவுப் பாதுகாப்புத் துறையின் (FSSAI) 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செக்கடி_சிவகிரி | செவ்வாய், காலை 10.10

எண் இருக்கிறதுங்க. அந்த வரியைத் தூக்கிவிட்டேன். இன்னொரு கடைக்காரர் விளம்பரத்தைப் பார்த்துப் போட்டதுதான் அது.

சாம்பல்_பூனை | செவ்வாய், மதியம் 12.50

இரண்டு நாளாக வாசகத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். முன்பின் தெரியாத ஆளிடம் 480 ரூபாயும் கூரியர் காசும் கொடு என்றால், கம்பனே வந்து எழுதினாலும் கை யோசிக்கும். முதல் தடவை வாங்குவதைச் சுலபமாக்குங்கள்.

சிக் ஷாம்பூ ஞாபகம் இருக்கிறதா? 1983இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் தொடங்கியது. எந்தக் கம்பெனி ஷாம்பூவாக இருந்தாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் சும்மா என்றார்கள். கொஞ்ச நாள் கழித்து, சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றிக்கொண்டார்கள். அதற்குள் ஜனங்களுக்குப் பழகிவிட்டது. இதில் எழுத்துத் திறமை என்ன இருக்கிறது? ஒரு தடவை தலையில் தேய்க்க வைத்தார்கள்.

"அரை லிட்டர் கிடையாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறாரே. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்கிறார். 200 மில்லி போடுங்கள்.

மதுரைக்காரி | செவ்வாய், மதியம் 1.15

200 மில்லி போட்டால் நானே முதல் ஆள்.

செக்கடி_சிவகிரி | புதன், இரவு 10.30

எழுதிப் பார்த்தேன்.

> *நல்லெண்ணெய் லிட்டர் 480. ஏன் என்று கேட்டவர்களுக்கு:*
> ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ எள் ஆகிறது. எள் கிலோ 140.
> சிவகிரி ஏலத்தில் அப்பா மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து மென்று பார்ப்பார். கசந்தால் வாங்க மாட்டார்.
> கருப்பட்டி போட்டு ஆட்டுகிறோம். வெல்லம் இல்லை. வெள்ளைத் துணி கட்டி மூன்று நாள் வெயிலில் தெளிய வைக்கிறோம். மிஷினில் வடிகட்டுவதில்லை, அதனால் பாட்டில் அடியில் கொஞ்சம் மண்டி இருக்கும். அது கெட்டுப்போனதல்ல.
> மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். காறல் அடித்தால் போட்டோகூட வேண்டாம், சொன்னால் போதும், பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம்.
> ஆட்டிய தேதி பாட்டிலில் இருக்கும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது.
> முதல் தடவை என்றால் 200 மில்லி எடுத்துப் பாருங்கள், 110 ரூபாய். கூரியர் தனி.
> வாரம் 20 லிட்டர்தான் வெளியூருக்கு. வேண்டுமென்றால் "எண்ணெய்" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இரண்டு குறை சொன்னார். "எடுத்த எடுப்பில் விலையைச் சொல்வானாடா யாராவது?" என்பது ஒன்று. "பேசுகிற மாதிரி எழுதியிருக்கிறாயே, படிக்காதவன் என்று நினைக்க மாட்டார்களா?" என்பது இன்னொன்று. "பயன்பெறுவீர்" இல்லாதது அவருக்கு வருத்தம்.

பழைய_ஏஜென்சி | வியாழன், காலை 7.50

அப்பாவுக்கு என் வணக்கம். கடையில் வந்து நிற்கிறவரிடம் "வாங்கிப் பயன்பெறுவீர்" என்றா சொல்கிறார் என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அம்மா மெசேஜுக்கும் மகள் ஸ்கூல் மெசேஜுக்கும் நடுவில் நம்முடையது போய் உட்கார்கிறது. அங்கே மேடைத் தமிழ் போனால் நோட்டீஸ் என்று தள்ளிவிடுவார்கள்.

இரண்டு இடம் திருத்தலாம். "அது கெட்டுப்போனதல்ல" என்பதில் "கெட்டு" என்ற சொல்லை நாமே கொண்டுபோய் எண்ணெய் பக்கத்தில் வைக்கிறோம். "அந்த மண்டியில் கருப்பட்டி மணம் இருக்கும், எங்கள் வீட்டில் சட்னியில் ஊற்றிக்கொள்வோம்" என்கிற மாதிரி ஏதாவது. உண்மையாக இருந்தால் மட்டும். அப்புறம் ஒழுகுகிற கேள்விக்குப் பதிலே சொல்லவில்லையே?

செக்கடி_சிவகிரி | வியாழன், காலை 8.30

சட்னியில் ஊற்ற மாட்டோம். பாட்டி அதை இட்லிப்பொடிக்கு எடுத்துவைப்பார். அப்படியே எழுதுகிறேன். (ராஜா ப்ரோ, பாட்டி வந்துவிட்டார்.) பாட்டில் வாயில் சீல் ஒட்டி, கவரில் போட்டு, தலைகீழாக ஒரு ராத்திரி நிறுத்திப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறோம். அதையும் சேர்க்கிறேன்.

ரீல்ஸ்_ராஜா | வியாழன், காலை 9.05

தலைகீழாக நிறுத்துவதை வீடியோ எடுங்க ப்ரோ. பதினைந்து செகண்ட் போதும், பாட்டு வேண்டாம். இது நான் நிஜமாகச் சொல்கிறேன்.

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 10.40

விலை முதலிலா, அப்பா முதலிலா என்று இங்கே சண்டை போடுவதை விட, 90 பேருக்கு ஒன்று, 90 பேருக்கு இன்னொன்று அனுப்பிப் பாருங்கள். முதல் வரி மட்டும் வேறாக இருக்கட்டும், மீதி அச்சு மாறக் கூடாது, ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். ஆனால் 90 பேரில் நாலு ஆர்டர் கூடக் குறைய வந்ததை வைத்து வேதவாக்கு மாதிரிச் சொல்லக் கூடாது. நாலு என்பது ஒரு மாமா, ஒரு அத்தை வித்தியாசம்.

இன்னொன்று, உங்கள் நம்பரைப் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்குத்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். 180 பேரில் எத்தனை பேருக்கு இரண்டு டிக் விழுகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

செக்கடி_சிவகிரி | அடுத்த புதன், இரவு 9.15

ஞாயிறு சாயங்காலம் அனுப்பினேன். 180இல் 151 பேருக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இத்தனை நாள் இது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

விலையில் தொடங்கியதற்கு 11 பேர் பதில் போட்டார்கள். "சிவகிரி ஏலத்தில் அப்பா ஒரு பிடி எள்ளை மென்று பார்ப்பார்" என்று தொடங்கியதற்கு 8 பேர். ஆனால் அப்பா பக்கத்தில் வந்தவர்கள் லிட்டர் லிட்டராகக் கேட்டார்கள், விலைப் பக்கத்தில் பாதிப் பேர் 200 மில்லி. கணக்குப்பிள்ளை சார் சொன்னதால் இதை வைத்து எதுவும் முடிவு கட்டவில்லை. ஒருவர் பிளாக் செய்துவிட்டார். இரண்டு பேர் கடலெண்ணெய்க்கும் இதே மாதிரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள், அப்பா என்னிடம் சொல்லாமல் தன் ஸ்டேட்டஸில் இரண்டாவதை வைத்திருக்கிறார்.

16 லிட்டர் போயிற்று. நாலு லிட்டர் நிற்கிறது.

டீக்கடை_பெஞ்ச் | அடுத்த புதன், இரவு 9.20

"ஸ்டாக் உள்ளவரை மட்டுமே" என்று போடுங்கள்.

மதுரைக்காரி | அடுத்த புதன், இரவு 9.48

எனக்கு நேற்று வந்தது. ஒழுகவில்லை. ஆட்டிய தேதி பேனாவில் எழுதியிருந்தது, கொஞ்சம் அழிந்திருக்கிறது, ஸ்டிக்கர் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நாலில் எனக்கு ஒரு லிட்டர். எண்ணெய்.